சூமாக் வீதியில் ஒரு மரண விசாரணை

1989 மார்கழியில் ரொறன்ரோ வந்து இறங்கிய எனக்குக் கிடைத்த முதல் இருப்பிடம் சென். ஜேம்ஸ் ரவுன் தொடர்மாடி ஒன்றின் 11ஆம் மாடி. இரண்டு அறைகளில் ஏழு பேர். உணவகமொன்றில் இரவு முழுக்கக் கோப்பை கழுவிவிட்டு, விடிகாலையில் பார்லமென்ற் வீதி வழியே நடந்து திரும்புவேன். கிழக்குப் பக்கத்து ஒழுங்கைகளில் பழைய செங்கல் வீடுகள். அவற்றுக்கும் ஒரு கதை இருக்கும் என்று அன்று தோன்றவில்லை.

அந்தக் கதையைச் சொன்னது ஒரு துப்பறியும் நாவல். மொறீன் ஜென்னிங்ஸ் எழுதி 1997இல் வெளிவந்த ‘எக்செப்ட் த டையிங்’. 2008 முதல் தொலைக்காட்சியில் ஓடும் ‘மேர்டொக் மிஸ்ரறீஸ்’ தொடருக்கு மூலமான நாவல் வரிசையில் இதுவே முதலாவது. நூலகத்திலிருந்து எடுத்து வந்தவள் என் மகள். யாழ்ப்பாணத்தில் சங்கர்லாலையும் சுஜாதாவின் கணேஷையும் வாசித்து வளர்ந்த நான், கொலைகாரன் யார் என்ற ஒரே கேள்வியோடுதான் அதைத் திறந்தேன்.

1895, கடுங்குளிர். சூமாக் வீதிக்கு அருகே ஓர் ஒழுங்கையில் ஒரு பணிப்பெண்ணின் உடல் உடுப்பில்லாமல் உறைந்து கிடக்கிறது. நான் இருந்த தொடர்மாடியிலிருந்து அந்த வீதி பத்து நிமிட நடை. விசாரிப்பவர் வில்லியம் மேர்டொக், ஒரு கத்தோலிக்கர். அது சின்ன விடயமல்ல. அன்றைய ரொறன்ரோ ஒறேஞ்ச் சங்கத்துப் புரொட்டஸ்தாந்தரின் கோட்டை. நகரசபையிலும் பொலிஸிலும் அவர்கள் செல்வாக்குத்தான். 1954 இறுதியில் நேதன் பிலிப்ஸ் என்ற யூதர் மேயராகத் தெரிவானபோதுதான் அந்தப் பிடி தளர்ந்தது என்பார்கள்.

அந்த அயலுக்குக் கபேஜ்ரவுன் என்ற பெயர் வந்ததும் ஏளனத்தால்தான். ஐரிஷ் ஏழைகள் வீட்டு முற்றத்தில் கோவா நட்டார்கள். 1847இல், ஏறக்குறைய 20,000 பேர் வாழ்ந்த இந்த நகரத்தில், பஞ்சத்துக்குத் தப்பிய 38,000க்கும் அதிகமான ஐரிஷ் மக்கள் வந்து இறங்கினார்கள். அவர்களில் 1,100க்கு மேற்பட்டோர் இங்கேயே இறந்துபோனார்கள். கோடையில் பல்கனிச் சாடியில் கறிவேப்பிலை வளர்த்த எங்களுக்கு முன்னோடிகள் அவர்கள்.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. அக்கால ஒன்ராறியோவில் சந்தேகமான சாவு என்றால் கொரோனர் ஜூரிகளைக் கூட்டி மரண விசாரணை நடத்துவார். அநீதி நிறைந்த அந்த நகரத்திலும், ஒரு வேலைக்காரப் பெண் எப்படிச் செத்தாள் என்று யாராவது கேட்டாக வேண்டும்.

1983 யூனில் இலங்கையில் வந்த அவசரகால விதி 15ஏ, மரண விசாரணை இல்லாமலே உடல்களைப் புதைக்கவோ எரிக்கவோ இடம் கொடுத்தது. அதாவது கேள்வியையே சட்டம் எடுத்துவிட்டது. 1985இல் என் பெரியம்மாவின் மகன் ஒரு காலை வேலைக்குப் போனார். திரும்பவில்லை. உடலும் இல்லை, விசாரணையும் இல்லை. பெரியம்மா சாகும்வரை படலையைப் பூட்டவிடவில்லை.

கொலைகாரன் யார் என்று கண்டுபிடித்தீர்களா என மகள் கேட்டாள். நான் 15ஏ பற்றிச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “பெரியப்பான்ர பெயர் என்ன, அப்பா?” என்றாள். அவள் பிறந்து இருபத்தைந்து வருடங்களில் அவரின் பெயரை நான் ஒருநாளும் அவளுக்குச் சொன்னதில்லை. அன்றுதான் சொன்னேன்.