ஒன்றாம் வகுப்பு: தமிழ்நாட்டுக் குழந்தையின் முதல் பள்ளி ஆண்டு

தமிழ்நாட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக் கல்வியின் முதல் ஆண்டு ஒன்றாம் வகுப்பு. ஜூன் மாதம் தொடங்கி ஏப்ரலில் முடியும் இந்த ஆண்டு, 2012-13 முதல் நடைமுறையில் உள்ள முப்பருவ முறைப்படி மூன்று பருவங்களாக நடக்கிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் புத்தகம் வருவதால் குழந்தை ஆண்டு முழுவதற்குமான பாடத்தை ஒரே நேரத்தில் சுமப்பதில்லை. தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் ஆகியவை பாடங்கள். பேச மட்டுமே தெரிந்து வரும் குழந்தை எழுத்தைப் பார்த்து ஒலிக்கவும், ஒலியைக் கேட்டு எழுதவும் கற்பதுதான் இந்த ஆண்டின் பெரிய மாற்றம். மற்ற எல்லாம் இதற்கு அடுத்தவையே.

வயதும் சேர்க்கையும்

ஒரு காலத்தில் தலைமையாசிரியர் குழந்தையை நிற்க வைத்து, வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடக் காதைத் தொடச் சொல்வார். தொட்டால் சேர்க்கை, தொடாவிட்டால் அடுத்த ஆண்டு. பிறப்புச் சான்றிதழ் அரிதாக இருந்த நாளில் அது பயனுள்ள அளவுகோல்தான். ஏறத்தாழ ஆறு வயதில்தான் கைகள் தலையின் அளவைத் தாண்டி நீள்கின்றன.

இப்போது மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறைந்த குழந்தை ஒன்றாம் வகுப்பில் சேரலாம். தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆறு வயதைச் சொல்கிறது. கேந்திரிய வித்யாலயா பள்ளிகள் 2022-23 முதல் அதையே பின்பற்றுகின்றன. ஆகவே ஒரே தெருவில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் இரண்டு குழந்தைகளுக்கு இடையே ஒரு வயது வித்தியாசம் இருக்கக்கூடும். இந்த வயதில் ஓர் ஆண்டு என்பது குழந்தையின் வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு. அடுத்த வீட்டுக் குழந்தை சரளமாகப் படிக்கிறதே என்று கவலைப்படும் பெற்றோர் முதலில் அதன் பிறந்த மாதத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கையின்போது குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் எதுவும் நடத்தக் கூடாது என்கிறது. வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காகச் சேர்க்கையை மறுக்கவும் முடியாது. தமிழ்நாட்டில் விஜயதசமி அன்று சேர்க்கும் வழக்கமும் தொடர்கிறது. அந்த நாளில் அரசுப் பள்ளிகளும் புதிய குழந்தைகளுக்காகத் திறந்திருக்கும்.

முதல் வாரங்கள்

ஜூன் மாத அழுகை இயல்பானது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. படித்து வந்த குழந்தைக்கும் புது வகுப்பறை, புது ஆசிரியர் என்றால் தயக்கம் இருக்கும். நேராக வீட்டிலிருந்து வரும் குழந்தைக்கு இன்னும் சில வாரங்கள் கூடுதலாகப் பிடிக்கும். காலையில் வயிற்றுவலி, மாலையில் காரணமில்லாத கோபம், ஏழு மணிக்கே தூக்கம் ஆகியவை அதிகம் காணப்படும். நாள் முழுவதும் ஓர் இடத்தில் உட்கார்ந்து, முறை வரும்வரை காத்திருந்து, பிறர் சொல்வதைக் கேட்டுவிட்டு வரும் குழந்தை உண்மையாகவே களைத்துத்தான் வருகிறது.

“இன்னைக்கு என்ன படிச்சே?” என்று கேட்டால் “ஒண்ணுமில்ல” என்றுதான் பதில் வரும். “யார் பக்கத்துல உக்காந்தே?”, “மிஸ் என்ன கதை சொன்னாங்க?” என்று கேட்டால் பேச்சு வளரும். இன்னொரு மாற்றமும் சீக்கிரம் தெரியும். வீட்டில் எது சொன்னாலும் “எங்க மிஸ் அப்படிச் சொல்லலை” என்ற எதிர்வாதம் வந்துவிடும். அதைப் பெற்றோர் மகிழ்ச்சியோடு ஏற்கலாம். ஆசிரியரை நம்பத் தொடங்கிய குழந்தை கற்கத் தொடங்கிவிட்டது.

அரசுப் பள்ளிக் குழந்தைகளின் காலைப் பொழுதை அண்மையில் பெரிதாக மாற்றியது காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டபோது 1,545 பள்ளிகளில் இருந்தது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவடைந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்றாகச் சாம்பாரோடு தருகிறார்கள். விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் தாய்மார்களின் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை வகுப்பாசிரியர்கள் நன்கு அறிவார்கள். பசியோடு இருக்கும் குழந்தைக்கு எழுத்து ஏறாது. மதியம் முட்டையுடன் சத்துணவும் உண்டு. புத்தகம், நோட்டு, சீருடை, புத்தகப் பை, காலணி, வண்ணக் கிரையான் ஆகியவையும் இலவசமாகக் கிடைக்கின்றன.

எழுத்து வந்து சேரும் விதம்

பெற்றோரின் கவலையில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகளையும் குழந்தை எப்போது முடிக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் வகுப்பறை அந்த வரிசையில் நடப்பதில்லை. எடுத்துக்காட்டாக, முன்பு அரசுப் பள்ளிகளில் பயன்பட்ட செயல்வழிக் கற்றல் அட்டைகளில் ட, ப, ம போன்ற எழுத்துகள் முன்னால் வந்தன. பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆன எழுத்துகள் பிஞ்சு விரலுக்கு எளிது. அ, இ, ஞ போன்றவற்றின் வளைவுகளுக்கு விரல் பழக வேண்டும். “அ, ஆ-வே சொல்லிக்கொடுக்காம ப, ம-ன்னு ஆரம்பிக்கிறாங்களே” என்று அப்போது குறைப்பட்ட பெற்றோர் பலர். அந்த வரிசையில் காரணம் இருந்தது.

உயிரும் மெய்யும் பிடிபட்டபின் உண்மையான ஏற்றம் தொடங்குகிறது. ‘கா’ எளிது, எழுத்துக்கு அடுத்து ஒரு கால். ‘கெ’ அப்படியில்லை. ஒலிக்கும்போது பின்னால் வரும் எகரத்துக்கு, எழுதும்போது கொம்பை முன்னால் போட வேண்டும். ‘கொ’ என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். ‘கொடி’ என்று எழுதச் சொன்னால் ‘கெடி’ என்று எழுதிவிட்டு, எழுதி முடித்த நிம்மதியோடு நிமிர்ந்து பார்க்கும் குழந்தை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அதன் காது தவறவில்லை, கை ஒரு காலை விட்டுவிட்டது, அவ்வளவே. உகர, ஊகார வரிசைகள் இன்னும் கடினம். கு, சு, து என்று எழுத்துக்கேற்ப உகரக் குறியின் வடிவம் மாறுவதால், ஒரே விதியைச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டியதுதான்.

இரண்டு சுழி ன, மூன்று சுழி ண, தந்நகர ந. சின்ன ர, பெரிய ற. ல, ள, ழ ஆகியவற்றின் வேறுபாடு ஒன்றாம் வகுப்பில் நிலைபெறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரியவர்களுக்கே தடுமாற்றம் தரும் இடம் அது. இவற்றுக்காக இந்த ஆண்டில் சிவப்பு மை தேவையில்லை.

பேச்சுத் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் உள்ள தூரத்தைப் பெற்றோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. குழந்தைக்குத் தெரிந்தது “பூனை வீட்டுல இருக்கு”. புத்தகத்தில் இருப்பது “பூனை வீட்டில் இருக்கிறது”. அந்த வரியின் மேல் விரல் வைத்துக்கொண்டு, ‘இருக்கு’ என்றே வாசிக்கும் குழந்தையை “ஒழுங்கா பாத்துப் படி” என்று அதட்டுவது வழக்கமாக இருக்கிறது. அந்தக் குழந்தை எழுத்தைப் பார்த்துப் பொருளைப் புரிந்துகொண்டுவிட்டது. புரிந்ததைத் தன் மொழியில் சொல்கிறது. எழுத்துக்கூட்டி “இ-ரு-க்-கி-ற-து” என்று சரியாக முடித்துவிட்டு, எந்தப் பூனை என்று கேட்டால் விழிக்கும் குழந்தையைவிட இது முன்னேறி நிற்கிறது. புத்தக வடிவம் கேட்டுக் கேட்டுத்தான் பழகும். இரவில் பெரியவர் ஒருவர் கதைப் புத்தகத்தை உரக்க வாசித்துக் காட்டுவது இதற்கு மிகச் சிறந்த வழி. தெலுங்கு, உருது, சௌராட்டிரம், படுகு பேசும் வீடுகளிலிருந்தும், வேலை தேடி வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களிலிருந்தும் வரும் குழந்தைகளுக்கு இந்தத் தூரம் இரட்டிப்பு. அவர்களுக்குத் தமிழ்ப் பேச்சு முதலில் வர வேண்டும், எழுத்து பிறகு.

ஆங்கில வழியில் சேர்த்தாலும் தமிழ் உண்டு. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் கட்டாயப் பாடம். வீட்டில் பேசாத மொழியில் எழுத்தும் கணக்கும் சூழ்நிலையியலும் ஒரே நேரத்தில் கற்கும் குழந்தை மனப்பாடத்தில் தஞ்சம் புகுவது இயல்பு. முதலில் தாய்மொழியில் வாசிப்பது எப்படி என்று புரிந்துகொண்ட குழந்தைக்கு இரண்டாவது எழுத்துமுறை எளிதாக வரும்.

கணக்கு

மத்திய அரசு 2021 ஜூலையில் தொடங்கிய நிபுன் பாரத் திட்டம், ஒன்றாம் வகுப்பு முடிவில் 99 வரை எண்களைப் படித்து எழுதுவதையும், எளிய கூட்டல் கழித்தலையும் இலக்காக வைக்கிறது. வாசிப்பில் அதன் இலக்கு, நாலைந்து எளிய சொற்கள் கொண்ட சிறு வாக்கியங்களைப் படிப்பது. புளியங்கொட்டை, மணி, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள் ஆகியவையே கணக்குப் பாடத்தின் கருவிகள். விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்க வேண்டியதில்லை. தமிழில் எண்ணும் குழந்தைக்கு ஒரு வசதி உண்டு. பதின்மூன்று என்றால் பத்தும் மூன்றும் சொல்லிலேயே வரிசையாக வந்துவிடும். ஆங்கிலத்தின் தர்ட்டீன் மூன்றை முன்னால் சொல்கிறது. 31-ஐ 13 என்று மாற்றி எழுதுவதும், எண்ணைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுவதும் இந்த வயதில் சாதாரணம்.

விளையாட்டுபோல் தெரியும் பாடம்

பாட்டும் கைத்தட்டலுமாக இருக்கும் வகுப்பைப் பார்த்து, “படிப்பே நடக்கலையே” என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. இந்த முறைக்குப் பின்னால் இருபது ஆண்டு வரலாறு இருக்கிறது. ரிஷிவேலி பள்ளியின் அனுபவத்திலிருந்து எடுத்துக்கொண்டு, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் முன்னெடுத்த செயல்வழிக் கற்றல் பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடிக்கிடந்ததில் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுகட்ட 2022 ஜூன் 13 அன்று ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அதன் நோக்கம். அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைகளுக்குப் பெயர் வைத்து, குழந்தை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து கற்பிப்பது அதன் வழி. எட்டு வயது என்ற எல்லையைப் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும். ஒன்றாம் வகுப்பிலேயே எல்லாம் முடிந்தாக வேண்டும் என்று அரசுத் திட்டமே சொல்லவில்லை.

வீட்டுப்பாடம் பற்றியும் தெளிவான நிலை உண்டு. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன், ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று உத்தரவிட்டார். மத்திய அரசின் 2020 புத்தகப் பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்றும், பையின் எடை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. இருந்தும் பல தனியார் பள்ளிகளில் நாலு கோடு நோட்டு பக்கம் பக்கமாக நிரம்புகிறது. அதைக் கேள்வி கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு. வருத்தம் என்னவென்றால், வீட்டுப்பாடம் தராத பள்ளியைக் குறை சொல்வதும் பெற்றோரேதான்.

உடல்

இந்த ஆண்டில் பால் பற்கள் விழத் தொடங்கும், முதல் கடைவாய்ப் பல் முளைக்கும். ஐந்து முதல் ஆறு வயதுக்குள் டி.பி.டி. இரண்டாம் ஊக்கத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். இரவில் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் அவசியம். கரும்பலகையைக் கண் இடுக்கிப் பார்ப்பது, கூப்பிட்டால் திரும்பாதது ஆகியவற்றைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாமல் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும். இடக்கையால் எழுதும் குழந்தையை வலக்கைக்கு மாற்றுவது கூடாது.

எப்போது கவலைப்பட வேண்டும்

மூன்றாம் பருவ முடிவிலும் தன் பெயரின் எழுத்துகளை அடையாளம் காணாவிட்டால், இரண்டு மூன்று கட்டளைகளைச் சேர்த்துச் சொன்னால் புரியாவிட்டால், பிற குழந்தைகளோடு சிறிதும் சேராவிட்டால் ஆசிரியரோடு உட்கார்ந்து பேச வேண்டும். வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாட்டை ஆறு வயதில் உறுதியாகச் சொல்வது கடினம். கூடுதல் பயிற்சி தந்து ஓர் ஆண்டு கவனிப்பதே பொதுவான வழி.

பெற்றோரின் இடம்

ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கழிப்பறை, குடிநீர், ஆசிரியர் பற்றாக்குறை ஆகியவற்றை அங்கே எழுப்பலாம். ஒன்றாம் வகுப்பில் யாரையும் தோல்வி என்று நிறுத்திவைக்க முடியாது. ஜூனில் எல்லாக் குழந்தைகளும் இரண்டாம் வகுப்புக்குப் போவார்கள். குழந்தையை அடிப்பதும் மனம் நோகும்படி நடத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. அப்படி நடந்தால் தலைமையாசிரியரிடம் முறையிட வேண்டும். பயனில்லையென்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணையோ, குழந்தைகள் உதவி எண் 1098-ஐயோ அழைக்கலாம்.