பேர்லதான் காபி... மழைக்காலத் தொண்டைக்கு இதமான சுக்கு மல்லி!

ஐப்பசி மழை ஆரம்பிச்சாச்சு. வீட்டுக்கு ஒருத்தராவது தும்மிக்கிட்டு இருப்பாங்க. தொண்டைக்கு இதமா சுக்கு மல்லி காபி போட்டுக் குடிங்க. இதுல காபித்தூள் துளிகூடக் கிடையாது.

100 கிராம் மல்லி விதைக்கு 50 கிராம் சுக்கு, ஒரு டீஸ்பூன் மிளகு. சுக்கைத் தோல் சீவித் தட்டிக்கோங்க. மல்லியை வெறும் வாணலியில வாசம் வர்ற வரைக்கும் வறுங்க, கருகினா கசக்கும். எல்லாத்தையும் கொரகொரப்பா அரைச்சா பொடி ரெடி.

2 டம்ளர் தண்ணியில 2 டீஸ்பூன் பொடி, கொஞ்சம் கருப்பட்டி போட்டு, ஒன்றரை டம்ளரா வத்தினதும் வடிகட்டுங்க. கருப்பட்டியில மண் இருக்கும், அதனால வடிகட்டாம குடிக்காதீங்க. பாலும் வேண்டாம்; சுக்கோட காரமே போயிடும். சர்க்கரை நோய் இருக்கிறவங்க கருப்பட்டியைத் தவிர்க்கலாம், அதுவும் சர்க்கரைதான். ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு மட்டும் கஷாயமும் வேண்டாம், தேனும் வேண்டாம்.

சளி வைரஸை இது கொல்லாது. சூடும் காரமும் தொண்டைக்கு இதம் தரும், அவ்வளவுதான். சாதாரண சளி ஒரு வாரம், பத்து நாள்ல தானா போயிடும். ஆனா, இது டெங்கு சீசனும்கூட. காய்ச்சல் அடிச்சா கஷாயத்தை நம்பி நாளைக் கடத்தாம டாக்டரைப் பாருங்க. டெங்குல, காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்தான கட்டமே வரலாம். அப்போ கடுமையான வயித்துவலியோ, தொடர் வாந்தியோ இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.