கிளாடெட் கொல்வின்

கிளாடெட் கொல்வின் அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மான்ட்கோமரியில், நகரப் பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதான கறுப்பினப் பெண். 1955 மார்ச் 2 அன்று இது நடந்தபோது அவர் பள்ளி மாணவி, வயது 15. ரோசா பார்க்ஸ் இதே போன்று கைதானது அதற்கு ஒன்பது மாதங்கள் கழித்துத்தான்.

1939 செப்டம்பர் 5 அன்று பர்மிங்ஹாமில் பிறந்த கிளாடெட்டைப் பெரிய பாட்டி முறையிலான உறவினரும் அவர் கணவருமே வளர்த்தார்கள். அன்றைய மான்ட்கோமரியில் பள்ளி, பேருந்து, குடிநீர்க் குழாய் என எல்லாவற்றிலும் இனம் பார்த்தே இடம். செருப்புக் கடையில் கறுப்பினத்தவர் செருப்பைக் காலில் போட்டுப் பார்க்க முடியாது. பழுப்புக் காகிதப் பையில் பாதத்தை வைத்து வரைந்து, அந்த அளவைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். பேருந்தின் முன்புறம் பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு உரியவை. கறுப்பினத்தவர் முன்வாசலில் ஏறிக் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப்போய்ப் பின்வாசல் வழியாக ஏறுவது வழக்கம்.

சம்பவத்தன்று கிளாடெட் ஜன்னலோரம் அமர்ந்திருந்தார். அந்த வரிசையில் இருந்த மற்ற மூவர் எழுந்து இடம் விட்டும் நின்றிருந்த வெள்ளைப் பெண் உட்காரவில்லை. கறுப்பினத்தவர் இருக்கும் வரிசையில் வெள்ளையர் அமர்வதை அங்கிருந்த முறை ஏற்காது. வரிசையே காலியாக வேண்டும். கிளாடெட் எழவில்லை. காசு கொடுத்து ஏறியிருக்கிறேன், இது என் அரசியலமைப்பு உரிமை என்றார். காவலர்கள் அவரை இழுத்து இறக்கி, விலங்கு பூட்டி, பெரியவர்களுக்கான சிறையில் அடைத்தார்கள். பிணையில் வீடு திரும்பிய அன்றிரவு வளர்ப்புத் தந்தை துப்பாக்கியோடு விடிய விடிய விழித்திருந்தார்.

அவர்மீது சுமத்தப்பட்ட மூன்று குற்றச்சாட்டுகளில் அமைதியைக் குலைத்தது, இனப்பிரிவினைச் சட்டத்தை மீறியது ஆகிய இரண்டும் மேல்முறையீட்டில் கைவிடப்பட்டன. காவலரைத் தாக்கியதாகச் சொன்ன மூன்றாவது மட்டும் நிலைத்தது. இனப்பிரிவினைக் குற்றச்சாட்டே கைவிடப்பட்டதால், அந்தச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை இந்த வழக்கின் வழியே மேல் நீதிமன்றங்களுக்குக் கொண்டுபோகும் வாய்ப்பு அடைபட்டது.

கர்ப்பமானதால்தான் பேருந்து இனப்பிரிவினையை எதிர்த்த போராட்டத் தலைவர்கள் அவரை முன்னிறுத்தவில்லை என்று பலரும் எழுதுகிறார்கள். காலக் கணக்கு இதற்கு ஒத்துவரவில்லை. அவர் மகன் பிறந்தது 1956 மார்ச்சில். மேல்முறையீடு முடிந்தது 1955 மே மாதத்தில். இளம்வயது, ஏழைக் குடும்பம், கருமை கூடிய நிறம் ஆகியவற்றால் அவர் கர்ப்பமாவதற்கு முன்பே ஒதுக்கப்பட்டுவிட்டார். கர்ப்பத்தைக் காரணமாகச் சொல்வது அந்தப் பெண்ணுக்கு இழைக்கும் இன்னோர் அநீதி.

ரோசா பார்க்ஸ் கைதானதையொட்டி மான்ட்கோமரியின் கறுப்பினத்தவர் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தபோது வழக்கறிஞர் ஃபிரெட் கிரே தொடுத்த பிரௌடர் எதிர் கேய்ல் வழக்கில் மனுதாரர்களாகப் பெயர் கொடுத்த பெண்களுள் கிளாடெட்டும் ஒருவர். 1956 மே 11 அன்று, கைக்குழந்தையின் தாயாக, நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். நகரப் பேருந்துகளில் இனப்பிரிவினை செல்லாது என்று அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. புறக்கணிப்பு 381 நாள் நடந்தது எல்லோருக்கும் தெரியும். சட்டம் வீழ்ந்தது இந்த வழக்கில்தான்.

1958இல் நியூயார்க் சென்ற கிளாடெட், முதியோர் இல்லமொன்றில் செவிலியர் உதவியாளராக 35 ஆண்டுகள் வேலை பார்த்தார். 1955இல் அவர்மீது விதிக்கப்பட்ட நன்னடத்தைக் கண்காணிப்பு முடிந்ததாக யாரும் அவருக்குத் தெரிவிக்கவே இல்லை. அந்த வழக்கின் பதிவு நீதிமன்ற ஆணையால் அழிக்கப்பட்டது 2021இல். அப்போது அவருக்கு வயது 82.