புதுச் சிந்தனை இயக்கம்

மனத்தின் நிலையே உடல்நலத்தையும் வாழ்வின் போக்கையும் தீர்மானிக்கிறது என்ற நம்பிக்கையில் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் எழுந்த ஆன்மிக இயக்கம். ஆங்கிலத்தில் ‘நியூ தாட்’ என்று பெயர். ஒரே குரு, ஒரே மறைநூல், ஒரே பீடம் என்று எதுவும் இதற்கு இல்லை. தன்னம்பிக்கை நூல்களில் இன்று புழங்கும் ‘நேர்மறை எண்ணம்’ பெரும்பாலும் இதன் வழிவந்தது.

மெய்ன் மாநிலத்தில் கடிகாரம் செய்து பிழைத்த பினியாஸ் குவிம்பி (1802–1866) மெஸ்மரிசம் எனும் மனவசியம் பழகியவர். குணப்படுத்துவது மருந்தல்ல, நோயாளியின் நம்பிக்கையே என்று முடிவு செய்து, பேச்சையே சிகிச்சையாக்கினார். அவரிடம் 1862இல் நோயாளியாக வந்த மேரி பேக்கர் எடி பின்னர் ‘கிறிஸ்தவ விஞ்ஞான’ சபையை நிறுவினார். எடியைப் பிரிந்த எம்மா கர்ட்டிஸ் ஹாப்கின்ஸ் சிகாகோவில் பயிற்றுவித்த மாணவர்கள், பெரும்பாலும் பெண்கள், இயக்கத்தை நாடெங்கும் கொண்டுசென்றனர். கான்சாஸ் சிட்டியில் 1889இல் தொடங்கிய ‘யூனிட்டி’ அப்படி வளர்ந்த கிளைகளில் ஒன்று.

இயக்கத்துக்குக் கொல்கத்தாவோடு உள்ள தொடர்பு அந்நகரைச் சேர்ந்த விவேகானந்தரிடமிருந்து தொடங்குகிறது. 1894 கோடையில் மெய்னின் கிரீன் ஏக்கரில் சாரா ஃபார்மர் கூட்டிய மாநாட்டில், மனோசிகிச்சைக்காரர்கள் நடுவே அவர் வகுப்பெடுத்தார். அவர்களைப் பற்றி எழுதிய கடிதங்களில் அன்பும் இருக்கிறது, கிண்டலும் இருக்கிறது. ‘ராஜயோகம்’ நூலிலோ இன்னும் கறாராகப் பேசுகிறார்: இவர்கள் கையாள்வது பிராணசக்தியைத்தான், ஆனால் அது இன்னதென்று அறியாமலே கையாள்கிறார்கள்.

கொல்கத்தாவுக்கு அருகில் பிறந்த அக்ஷய் குமார் மஜும்தார் இயக்கத்துக்குள்ளேயே ஆசிரியரானவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வடமேற்குக்குச் சென்று, ஸ்போக்கேன் நகரில் யோகத்தையும் ஏசுவின் போதனையையும் இணைத்து மனோபலம் பற்றி உரையாற்றினார். 1913இல் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. அன்றைய சட்டப்படி ஆசியாவிலிருந்து வந்தவர் குடிமகனாக வேண்டுமானால் தாம் ‘வெள்ளையர்’ என்று நிறுவ வேண்டும். மனமே அனைத்தும் என்று போதித்தவர், நீதிமன்றத்தில் தம் உயர்சாதிப் பிறப்பையும் தூய இரத்தத்தையும் காட்டி வாதாட வேண்டியிருந்தது. இந்த முரணை இயக்கத்தின் வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் ‘வெள்ளையர்’ அல்லர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மஜும்தாரின் குடியுரிமை பறிபோனது, மேல்முறையீடும் தோற்றது. ஆனாலும் அவர் நாடு திரும்பவில்லை. கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ மலையில் முகாம் அமைத்து, 1953இல் இறக்கும்வரை அமெரிக்காவிலேயே வாழ்ந்தார். இந்தியர் குடியுரிமை பெற வழிசெய்த சட்டம் 1946இல்தான் வந்தது.

இயக்கத்தின் மீதான வலுவான குற்றச்சாட்டும் இவ்விடத்தில்தான் எழுகிறது. நோயும் வறுமையும் எண்ணத்தின் விளைவுகள் என்றால் நோயாளியும் ஏழையுமே அவற்றுக்குப் பொறுப்பாகிவிடுகிறார்கள். சட்டமும் கூலியும் கணக்கிலிருந்து நழுவிவிடுகின்றன. மருத்துவத்தைத் தள்ளிப்போட்டு உயிரைப் பணயம் வைக்கும் ஆபத்து வேறு.

தமிழுக்கு இச்சிந்தனை சிறை வழியாக வந்தது. ஆங்கிலேயருக்கு எதிராகக் கப்பலோட்டிய விடுதலைப் போராட்ட வீரர் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு 1908இல் விதிக்கப்பட்ட 40 ஆண்டுத் தண்டனையை உயர் நீதிமன்றம் 6 ஆண்டாகக் குறைத்தது. சிறைவாசத்தின்போது, இயக்கத்தின் ஓரத்தில் நின்ற ஆங்கிலேயர் ஜேம்ஸ் ஆலன் 1903இல் வெளியிட்ட சிறுநூலை ‘மனம் போல வாழ்வு’ என்று மொழிபெயர்த்தார். விடுதலைக்குப் பின் ‘அகமே புறம்’, ‘வலிமைக்கு மார்க்கம்’, ‘சாந்திக்கு மார்க்கம்’ ஆகியவையும் வெளிவந்தன. எண்ணமே சூழலை ஆக்குகிறது என்ற வாதத்தை, சூழலை மாற்றப்போய்ச் சிறையில் செக்கிழுத்த ஒருவர் தமிழாக்கியிருக்கிறார். குறளுக்கு உரை எழுதிய வ.உ.சி.யை ஆலனிடம் ஈர்த்தது நோய் தீர்க்கும் வித்தையாக இருந்திருக்க முடியாது. நல்லொழுக்கம், மன அடக்கம் பற்றிய பேச்சுத்தான். செல்வம் சேர்க்கும் உபாயமாக இதே சிந்தனையை அமெரிக்காவில் விற்றவர்களோடு ஒப்பிட்டால் தூரம் புரியும்.

பிற்காலத்தில் அப்துற் றஹீமின் ‘வாழ்க்கையில் வெற்றி’யும் எம். எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ நூலும் இவ்வகை எழுத்தைத் தமிழ் வாசகர்களிடையே பரவலாக்கின.