குண்டின் கூடும் பூச்சாடியும்

முதல் உலகப் போரின் (1914–1918) மேற்கு முனையில், சுவிட்சர்லாந்தின் எல்லையிலிருந்து வடகடல் வரை பதுங்குகுழிகள் நீண்டு கிடந்தன. அங்கே போரிட்ட நேரத்தைவிடக் காத்திருந்த நேரமே மிகுதி. அந்தக் காத்திருப்பில் வீரர்களின் கைகள் இரண்டு துணைகளை நாடின. ஒன்று புகையிலை, மற்றொன்று காலடியில் குவிந்த உலோகம்.

உணவுப் பங்கீட்டோடு புகையிலையையும் படை நிருவாகமே வழங்கியது. 1914 கிறித்துமசையொட்டி, இளவரசி மேரியின் பெயரால் திரட்டிய நிதியிலிருந்து பிரித்தானியப் படையினருக்குச் சிறு பித்தளைப் பேழைகள் அனுப்பப்பட்டன. புகைப்போர்க்குச் சுங்கான், ஓர் அவுன்சு புகையிலை, 20 சிகரெட்டுகள், தீமூட்டி. புகையாதவர்க்குப் புளிப்பு மிட்டாயும் எழுதுபொருள்களும். பிரான்சு மண்ணில் போரிட்ட இந்தியருள், சமய நெறியால் புகையிலையை விலக்கிய சீக்கியர்க்குக் கற்கண்டும் நறுமணப் பொருள்களும் தரப்பட்டன. நாளடைவில் 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட பேழைகள் வழங்கப்பெற்றன. உள்ளிருந்தவை தீர்ந்தபின், வீட்டுக் கடிதமும் நிழற்படமும் அப்பேழைகளில் குடிபுகுந்தன.

இரவில் ஒரு தீக்குச்சியின் சுடரே எதிரிக்குக் குறியாகிவிடும். திரித் தீமூட்டி இதற்கு ஏற்றதாயிற்று. சிறு சக்கரம் கல்லில் உரசச் சிந்தும் பொறி, தடித்த திரியில் பற்றிக் கனலாய் நிற்கும்; சுடர் எழாது; காற்று வீசினால் கனல் மேலும் சிவக்கும். ஆஸ்திரிய வேதியியலர் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1903இல் உருவாக்கிய உலோகக் கலவையே அத்தகைய பொறிக்கற்களுக்கு அடிப்படை. வெற்றுத் தோட்டாக் கூடு பல தீமூட்டிகளுக்கு உடலாக அமைந்தது.

இவ்வாறே, குண்டின் செப்புப் பட்டை கடித உறை பிரிக்கும் கத்தியாயிற்று. செருமானியக் குண்டுகளின் மூக்கிலிருந்த அலுமினியம் மோதிரமாயிற்று. தீப்பெட்டிக்குப் பித்தளை உறை பிறந்தது. பிரெஞ்சுப் படையின் 75 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகளின் உறைகள் பூச்சாடிகளாயின. உறை நசுங்காதிருக்க ஈயத்தையோ கீலையோ உள்ளே நிரப்பி, மேலே ஆணியால் தட்டித் தட்டி இலையும் மலரும் செதுக்கினர். ஈப்ர, வெர்டன் என்று களத்தின் பெயரையும் பொறித்தனர்.

இவை யாவும் குண்டுமழையின் நடுவே பிறந்தவை என்று எண்ணுவது பொருந்தாது. சுத்தியலும் உலையும் வேண்டிய வேலைகள் போர்முனைக்குப் பின்னிருந்த பட்டறைகளில் நடந்தன. பொறியியல் படையினர், காயமுற்றுத் தேறிவந்தோர், போர்க்கைதிகள், சீனத் தொழிலாளர் எனப் பலரும் இவற்றைச் செய்தனர். வெற்று உறைகள் மீண்டும் நிரப்பப்பட வேண்டிய அரசுடைமை. அவற்றை எடுத்துக்கொள்வது விதிமீறலே. போர் ஓய்ந்தபின், களங்களைக் காணவந்த உற்றாரிடம் விற்பதற்கென்று ஊர்மக்களும் இவற்றைச் செய்தனர்.

இவ்வுண்மையால் அப்பொருள்களின் மதிப்பு குன்றிவிடவில்லை. மகனை இழந்த தாய்க்கு, அவன் நின்ற மண்ணிலிருந்து வந்த பித்தளை என்பதே போதுமானதாக இருந்தது. ஆயினும் அழிவுக் கருவி அழகுப் பொருளாக மாறியது என்று மகிழ்ந்து அமைவதும் முழு உண்மையாகாது. ஒவ்வோர் உறையும் ஏற்கெனவே ஒரு குண்டை ஏவி முடித்தது. அக்குண்டு எங்கோ விழுந்து வெடித்தது. சாடியைக் கவிழ்த்துப் பார்த்தால், தொழிற்சாலையின் முத்திரையும் ஆண்டும் அடியில் இன்றும் தெரியும். மலரைச் செதுக்கிய கைகள் அந்த முத்திரையை அழிக்காமல் விட்டுவைத்தன. போர்க்காலத்தைப் பாட முனையும் கவிஞர் மலரோடு அந்த அடிப்பாகத்தையும் நோக்குதல் வேண்டும்.