டாக்கோவும் சுண்ணாம்புத் தண்ணியும்: ஒரு திருத்தம்

கொஞ்ச நாளைக்கு முன்னாடி எழுதி வைத்த ஒரு குறிப்பில், லாடம் போல வளைத்துப் பொரித்த மொறுமொறு டாக்கோ ஓடு அமெரிக்கத் துரித உணவுக் கம்பெனியின் கண்டுபிடிப்பு, அதற்கும் மெக்சிகர்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று ரொம்ப உறுதியாகச் சொல்லியிருந்தேன். அது தப்பு. திருத்தத்தை ஒரே வரியில் முடித்திருக்கலாம்தான். ஆனால் அந்த வரிக்குப் பின்னால் இருக்கிற கதை கொஞ்சம் நீளம்.

ஜுவென்சியோ மால்டொனாடோ என்பவர் மெக்சிகோவின் ஓஹாகாவிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தவர். அங்கே ஷோச்சிட்ல் என்ற உணவகத்தை நடத்தினார். ஒவ்வொரு தோர்த்தியாவாக (சோள ரொட்டிதான்) கொதிக்கிற எண்ணெயில் போட்டு, வெந்துகொண்டிருக்கும்போதே மடித்துப் பிடிக்க வேண்டும். கை வெந்து போகும். பல ரொட்டிகளை மடித்த வாக்கிலேயே பிடித்து எண்ணெயில் முக்க ஒரு சட்டகம் செய்தார். 1947-இல் விண்ணப்பித்து 1950-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். பெருங்கம்பெனிகள் வருவதற்கு முன்பே, வெளிநாட்டில் கடை போட்ட ஒரு மெக்சிகர் தன் அடுப்படித் தொல்லைக்குக் கண்டுபிடித்த வழி இது.

க்ளென் பெல் கலிஃபோர்னியாவில் முதல் டாக்கோ பெல்லைத் திறந்தது 1962-இல். அதற்கு முன் சான் பெர்னார்டினோவில் அவர் கடை வைத்திருந்தபோது, எதிரே மித்லா கஃபே என்ற மெக்சிகக் குடும்பத்தின் உணவகம் இருந்தது. 1937-இல் தொடங்கியது. அங்கே சாப்பிட்டுத்தான் அவர் பொரித்த டாக்கோவைக் கற்றுக்கொண்டார் என்பதை குஸ்தாவோ அரெயானோ விரிவாக எழுதியிருக்கிறார். பேர் யாருக்குப் போனது என்பது ஊரறிந்த விசயம். ‘அசல் இல்லை’ என்று நான் ஒதுக்கிய கணத்தில் மால்டொனாடோவையும் மித்லா குடும்பத்தையும் சேர்த்தே அழித்துவிட்டேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

சரி, அமெரிக்காவைத் தாண்டி? ஐரோப்பாவில் மெக்சிக உணவகம் திறந்தவர்களில் முன்னோடி தோமஸ் எஸ்தஸ், கலிஃபோர்னியாக்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1976-இல் ஆம்ஸ்டர்டாமில் கஃபே பசிஃபிகோ, 1982-இல் லண்டனில் இன்னொன்று. 2007-இல் லண்டனில் வஹாகாவைத் தொடங்கிய தொமசினா மையர்ஸ் ஆங்கிலேயப் பெண். ஓஹாகா என்ற எழுத்தை இங்கிலாந்தில் ஒருத்தரும் சரியாக வாசிக்க மாட்டார்கள் என்று உச்சரிப்புப்படியே பேரை மாற்றி வைத்தார்கள். மெக்சிகோவை விட்டுக் கிளம்பியவர்கள் பெரும்பாலும் வடக்கே அமெரிக்காவுக்குத்தான் போனார்கள்; ஐரோப்பாவுக்குப் போனவர்கள் சொற்பம். அதனால் சமையல் மட்டும் வேறு ஆட்களின் கையில் ஏறிப் போனது. இது நமக்கு ஒன்றும் புதுசில்லை. பிரிட்டனில் ‘இந்திய’ உணவகங்களைப் பெரும்பாலும் நடத்தியது சில்ஹெட் வங்காளிகள்; அங்கே கிடைக்கிற ‘மதராஸ் கறி’யை மதராஸில் தேடினால் கிடைக்காது.

அசலாகத் திறக்க வேண்டும் என்று நினைக்கிறவருக்கு முதல் சிக்கல் மிளகாயில்லை, மக்காச்சோளம். அதிலும் சோளத்தைவிட, அதை வேகவைக்கிற சுண்ணாம்புத் தண்ணீர். முற்றிக் காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறப்போட்டு, தோல் போகக் கழுவி அரைப்பதுதான் மெக்சிக முறை. இதற்கு நிஷ்டமால் என்று பேர். இதைச் செய்தால்தான் மாவு ஒட்டும், தட்டினால் ரொட்டியாகும். சோளத்தில் கட்டுண்டு கிடக்கிற நியாசின் என்ற வைட்டமினும் இதனால்தான் உடம்பில் சேரும். சோளம் அட்லாண்டிக்கைக் கடந்தது. இந்தப் பக்குவம் கடக்கவில்லை. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெலக்ரா நோய் தின்றது. 1735-இல் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் அஸ்தூரியாஸில் அதைக் கவனித்தார். காரணம் நியாசின் குறைவு என்று தெரிய இன்னும் இருநூறு வருசம் ஆனது. சமையல் முறையை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துப் போனதற்கு மனிதர்கள் கொடுத்த விலை.

நானும் வீட்டில் செய்து பார்த்தேன். பெரம்பலூர்ப் பக்கம் தெரிந்தவர் வயலில் விளைந்தது, கோழித் தீவனத்துக்குப் போகிற ரகம். கூட வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு. வீடெல்லாம் புதுசாக வெள்ளையடித்த வாசம். தோல் அழகாகக் கழன்றது. ஆனால் கிரைண்டரில் தண்ணியை அள்ளி ஊற்றிவிட்டேன், இட்லி மாவுப் பழக்கம்! ரொட்டி தட்ட வரவில்லை, தோசைதான் வந்தது. அதுவும் பிய்ந்து பிய்ந்து. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “இதுக்கு வெளிநாடு வேற போவணுமா?” என்றாள்.

கோபன்ஹேகனில் ரோசியோ சான்செஸ் இதைச் சரியாகச் செய்திருக்கிறார். சிகாகோவில் மெக்சிகப் பெற்றோருக்குப் பிறந்து, நோமா உணவகத்தில் இனிப்புப் பிரிவின் தலைவராக இருந்தவர். 2015-இல் சந்தையில் சின்ன டாக்கோ கடையாக ஆரம்பித்தார், பேர் இஹா தே சான்செஸ். சோளத்தை மெக்சிகோவிலிருந்து வரவழைத்து, டென்மார்க்கிலேயே சுண்ணாம்பில் வேகவைத்து அரைக்கிறார். டப்பாவில் வருகிற உலர்மாவில் முடித்திருக்கலாம், நிறையப் பேர் முடிக்கிறார்கள்.

இதை வைத்துக்கொண்டு சோளம்தான் அசல், மற்றதெல்லாம் போலி என்று சொல்லிவிட முடியாது. வட மெக்சிகோவின் சொனோராவில் கோதுமை ரொட்டிதான் வழக்கம். மெக்சிகோ நகரத் தெருக்களில் செங்குத்துக் கம்பியில் சுற்றிச் சுட்டுச் சீவித் தருகிற அல் பாஸ்தோர், லெபனானிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஷவர்மா வழி வந்தது. 2010-இல் யுனெஸ்கோ மெக்சிக மரபுச் சமையலைப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோது அது நகரத் தெருக்களைவிட மிச்சோவகான் ஊர்ச் சமையலைத்தான் முன்னிறுத்தியது. அதே 2010-இல், 2007-இல் மெக்சிகோவுக்குள் இரண்டாம் தடவை நுழைந்து பார்த்த டாக்கோ பெல் கடையைக் கட்டிக்கொண்டு வெளியேறியது. முதல் தடவை போனது 1992-இல். இரண்டாம் முறை பொரித்த ஓட்டுக்கு ‘தாக்கோஸ்தாதா’ என்று பேர் மாற்றி, பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்தார்கள். மால்டொனாடோவின் சட்டகத்தில் பொரிந்த வடிவம் சொந்த நாட்டுக்குப் போனபோது அதற்கு டாக்கோ என்ற பேரைச் சொல்ல விற்கிறவர்களுக்கே கூச்சம்.

பழைய குறிப்பில் அந்த வரியை அடித்திருக்கிறேன். பக்கத்தில் மால்டொனாடோவின் பேரும் 1950 என்ற வருசமும் சேர்த்தாயிற்று. அடுத்த அறுவடைக்குச் சோளம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை கிரைண்டர் இல்லை, அம்மி.