பழைய கட்டடத்தை இடிக்காமலே குளுகுளுன்னு மாத்தலாம்... திருப்பூர் வெயிலுக்கு ஏத்த ரெனவேஷன் வழிகள்!

நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து, ஏப்ரல் மாசத்துல லைன் வீட்டுல பகல்ல தூங்கிப் பார்த்திருக்கீங்களா? ஃபேனை ஃபுல் ஸ்பீடுல வெச்சாலும் இறங்குறது அனல்தான். பாவம், ஃபேன் என்ன செய்யும்? தலைக்கு மேல இருக்கிற சிமென்ட் ஷீட் சூடாக, அதுக்குக் கீழே இருக்கிற காத்தும் சேர்ந்து சூடாகுது. அந்தக் காத்தைத்தான் ஃபேன் சுத்திவிடுது.

காங்கிரீட் வீட்டுல கதை வேற. மெல்லிசான ஷீட் வெயில் வந்ததும் கொதிக்கும், பொழுது சாஞ்சதும் ஆறிடும். காங்கிரீட் தளம் பகல் முழுக்கச் சூட்டை உள்ளே வாங்கி வெச்சுக்கிட்டு, ராத்திரி நீங்க படுக்கும்போதுதான் வெளியே விடும். அதனால பகல்ல தூங்குறவருக்கு ஷீட் எதிரி, ராத்திரி தூங்குறவருக்கு காங்கிரீட் எதிரி. உங்க வீடு எந்த ரகம்னு தெரிஞ்சுக்கிட்ட பிறகு செலவைப் பத்தி யோசிங்க.

கையில கொஞ்சம் காசு சேர்ந்ததும் நம்ம ஊர்ல முதல் வேலையா பழைய ஓட்டு வீட்டை இடிப்பாங்க. கொங்குப் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீடுகள் பல அப்படித்தான் காணாமப் போச்சு. நடுவுல திறந்த தொட்டி, சுத்தித் தாழ்வாரம், தடிமனான மண்சுவர், மேலே ஓடு. சூடான காத்து மேலே ஏறித் தொட்டி வழியா வெளியே போகும். ஓட்டு இடுக்குகளும் காத்தை விடும். அதை இடிச்சிட்டு, மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வெச்ச வீட்டைக் கட்டி, அப்புறம் ரெண்டு ஏசி வாங்குறது எந்தக் கணக்குல லாபம்னு எனக்குப் புரியலை. உலகத்துல வெளியாகிற கார்பன் டை ஆக்ஸைடுல சுமார் 8 சதவிகிதம் சிமென்ட் தயாரிப்புல இருந்து வருது. நிக்கிற சுவரை நிக்க விட்டாலே பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

முதல்ல கூரையைப் பாருங்க

குறைஞ்ச செலவுல நிறைய பலன் வேணும்னா, மொட்டை மாடியை வெள்ளையாக்குங்க. புதுசா அடிச்ச நல்ல வெள்ளைப் பூச்சு, மேலே விழுற வெயில்ல பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிடும். வீட்டுக்குள்ள 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம். அகமதாபாத் 2013-லயே வெப்பத்தைச் சமாளிக்க ஒரு செயல்திட்டம் போட்டுச்சு. ஏழைகளோட கூரைகளுக்கு வெள்ளை அடிக்கிறதும் பின்னாடி அதுல சேர்ந்துச்சு. தெலங்கானா 2023-ல குளிர்கூரைக்குன்னே தனிக் கொள்கை கொண்டுவந்துச்சு.

கடையில கிடைக்கிற 'கூல் ரூஃப்' பெயின்ட் வாங்கலாம். பட்ஜெட் இடிச்சா, இருக்கவே இருக்கு சுண்ணாம்பு. நீத்த சுண்ணாம்பை ஒரு ராத்திரி ஊறவிட்டு, வடிகட்டி, கொஞ்சம் வெள்ளை சிமென்ட்டும் பசையும் கலந்து, தரையை நல்லா கழுவி நனைச்சிட்டு ரெண்டு கோட் அடிங்க. உச்சி வெயில்ல அடிச்சா உதிர்ந்துடும், அதனால சாயங்காலம் செய்யுங்க. கண்ணுல பட்டா புண்ணாகிடும், கண்ணாடி போட்டுக்கோங்க. சுண்ணாம்பு மழையில கரையும், வருஷா வருஷம் அடிக்கணும். எந்தப் பூச்சா இருந்தாலும் தூசி படிஞ்சா பலன் குறையும். மார்ச்ல ஒரு தடவை கழுவி விடுங்க.

ஷீட் கூரைன்னா இன்னொரு வழியும் உண்டு. ஷீட்டுக்குக் கீழே ஒரு அடி இடைவெளி விட்டு ஃபால்ஸ் சீலிங் போட்டு, அந்த இடைவெளியில இருக்கிற சூடான காத்து வெளியேற ரெண்டு பக்கமும் ஜாலி வைக்கணும். ஜாலி இல்லாம அடைச்சு மூடினா பலன் பாதிதான். மலிவா இருக்குன்னு தெர்மாகோல் ஒட்டுறாங்க. சீக்கிரம் தீப்பிடிக்கும், புகை இன்னும் மோசம். வேண்டாம்.

ஆஸ்பெஸ்டாஸ்... கொஞ்சம் உஷார்!

இந்தப் பகுதியை மட்டும் அவசரமில்லாம படிங்க. பழைய சிமென்ட் ஷீட்டுல பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் கலந்திருக்கும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உடையாம, அசையாம இருக்கிற ஷீட்டால பெரிய ஆபத்து இல்லை. அறுக்கும்போதும், துளை போடும்போதும், உடைக்கும்போதும் பறக்குற தூசிதான் ஆபத்து. அதாவது ரெனவேஷன் அன்னைக்குத்தான் ஆபத்தே ஆரம்பிக்குது. அது உடம்புல நோயாத் தெரிய 20, 30 வருஷம் கூட ஆகும்.

அதனால பெயின்ட் அடிக்கும் முன்னாடி காஞ்ச ஷீட்டைக் கம்பி பிரஷ் வெச்சுத் தேய்க்காதீங்க. கழட்டணும்னா தண்ணி தெளிச்சு நனைச்சு, முழு ஷீட்டாவே இறக்கணும். துண்டுகளைப் பிளாஸ்டிக்ல சுத்திக் கட்டணும். துடைப்பத்தால பெருக்கக் கூடாது. வேலை பார்க்குறவர் முகத்துல வெறும் கர்ச்சீஃப் கட்டினா போதாது, நுண்தூசியைத் தடுக்கிற மாஸ்க் வேணும். இன்னொண்ணு, பழைய ஷீட் ஆளோட கனத்தைத் தாங்காது. பலகை போடாம அது மேல கால் வெச்சு விழுந்து செத்தவங்க எத்தனையோ பேர்.

பாலக்காட்டுக் காத்து ஓசி

பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காத்தாடிகள் ஏன் அவ்வளவு நிக்குதுன்னு யோசிச்சிருக்கீங்களா? மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கிற பாலக்காட்டுக் கணவாய் வழியா தென்மேற்குப் பருவக் காத்து இங்கே நுழையுது. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கொண்டாட்டம். சிக்கல் என்னன்னா, காத்து வர்ற அதே மேற்குப் பக்கம்தான் சாயங்கால வெயிலும் சுடும். மேற்கு ஜன்னலை அடைச்சிடாதீங்க. வெளிப்பக்கமா மூங்கில் தட்டியோ, ஜாலி சுவரோ வெச்சு வெயிலை மட்டும் தடுங்க. எதிர்ச் சுவர்ல, கொஞ்சம் உயரமா, காத்து வெளியே போக வழி விடுங்க. ஒரே பக்கம் ஜன்னல் இருக்கிற லைன் வீட்டுல, கதவுக்கு மேல ஒரு வெண்டிலேட்டர் திறந்தாலே வித்தியாசம் தெரியும்.

கம்பெனிக்கு ஒரு இலங்கைப் பாடம்

இலங்கையில சீதுவைங்கிற ஊர்ல பிராண்டிக்ஸ் நிறுவனத்துக்கு சுமார் 30 வருஷப் பழைய ஆடைத் தொழிற்சாலை ஒண்ணு இருந்துச்சு. அவங்க அதை இடிக்கலை, மாத்தி அமைச்சாங்க. 2008-ல பசுமைக் கட்டடங்களுக்கான 'லீட் பிளாட்டினம்' சான்று வாங்கினது அந்தப் பழைய கட்டடம்தான். அதே வருஷம் துல்ஹிரியவுல எம்.ஏ.எஸ். நிறுவனம் புதுசா ஒரு தொழிற்சாலை கட்டுச்சு. சுவருக்கு அழுத்தப்பட்ட மண் கற்கள், ஏசிக்குப் பதிலா ஈரத் தடுப்பு வழியா காத்தை இழுத்துக் குளிர வைக்கிற முறை.

ஈரப் பேட், எதிர்ப்பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன்னு அந்த முறை நம்ம பனியன் கம்பெனிகளுக்கும் நல்லாவே பொருந்தும். காஞ்ச காத்துலதான் அது நல்லா வேலை செய்யும், நம்ம ஏப்ரல் காத்து காஞ்சதுதான். ஆனா இங்கே நிறைய போர்வெல் தண்ணி உப்பு. பேட்ல உப்பு படிஞ்சு அடைச்சிக்கும். சேமிச்ச மழைத்தண்ணியை அதுக்குப் பயன்படுத்துறது புத்திசாலித்தனம். தமிழ்நாட்டுல 2003-லயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிடுச்சு. உங்க குழி தூர்வாரி எத்தனை வருஷம் ஆச்சு?

மாத்தி அமைக்கிறது இந்த ஊருக்குப் புதுசில்லை. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரைச் சுத்தம் பண்ணித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துற நிலைக்குத் தொழில் மாறுச்சு. நொய்யல் பட்ட பாட்டுக்கு அது லேட்தான், ஆனா மாறுச்சு.

பனியன் வேஸ்ட்ல சுவரா?

பாரிஸ்ல ஃபேப்ரிக் என்ற நிறுவனம் பழைய துணியை அரைச்சுப் பசை சேர்த்து செங்கல் மாதிரி அழுத்துது. பாக்க அழகு. ஆனா அது பாரம் தாங்காது, அலங்காரச் சுவருக்கும் சத்தத்தைக் குறைக்கவும்தான். அமெரிக்காவுல பழைய ஜீன்ஸ் துணியை வெப்பத் தடுப்பா மாத்துறாங்க. தீயையும் பூச்சியையும் தடுக்க அதுல போரேட் கலப்பாங்க. 'நம்மகிட்ட இல்லாத கட்டிங் வேஸ்ட்டா'ன்னு மூட்டையை அப்படியே சீலிங் மேல திணிக்காதீங்க. வயரிங் ஓடுற இடத்துல காஞ்ச பஞ்சுன்னா ஒரு பொறி போதும். எலிக்கும் அது சொகுசு மெத்தை. நம்ம பக்கத்து ஓப்பன் எண்ட் மில்கள் அந்த வேஸ்ட்டை வாங்கித் திரும்ப நூலாக்குது. அது அங்கே போறதே நல்லது.

சோலாரைப் பத்தி ஒரு வரி. பி.எம். சூர்ய கர் திட்டத்துல வீட்டுக்கு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. மொட்டை மாடியில பேனல் போட்டா கீழே நிழலும் கிடைக்கும்.

வாடகைக்கு இருக்கிறவங்க என்ன பண்றது? கூரை ஓனரோடது, புழுக்கம் உங்களோடது. ஒரு லைன்ல இருக்கிற எல்லாரும் சேர்ந்து போய்க் கேளுங்க. 'பெயின்ட் செலவு உங்களோடதுங்க, வேலையை நாங்க பார்த்துக்கறோம்'னு சொன்னா ஒத்துக்கிற ஓனர்கள் உண்டு. கேக்குறதுக்குச் சரியான நேரம் பிப்ரவரி. மே மாசம் கேட்டா, 'அடுத்த மாசம் மழை வந்துடும்'னு பதில் வரும்.